மோட்டார் சைக்கிள் சக்கரங்களுக்கும் பிரேக் டிஸ்க்குகளுக்கும் பவுடர் கோட்டிங்

மோட்டார் சைக்கிளின் ரிம், ஹப், அலாய் வீல், பிரேக் டிஸ்க்கின் நடுப்பகுதி ஆகியவற்றின்மேல் உலர்ந்த வண்ணப் பொடியை மின்னேற்றத்தால் ஒட்டவைத்து, அடுப்பில் சுட்டு இறுகச் செய்யும் முறை. தின்னர் கலந்து அடிக்கும் வெறும் ஸ்ப்ரே பெயிண்டைவிட இப்பூச்சு தடிமனானது. சாலையில் தெறிக்கும் கல்லுக்கு எளிதில் பெயராது.

இம்முறையின் தொடக்கம் ஜெர்மனியில். எர்வின் கெம்மர் 1953-இல் இதற்குக் காப்புரிமை பதிவு செய்தார். அவருடைய முறையில் பொடியைப் பீய்ச்சும் துப்பாக்கி கிடையாது. நுண்துளைத் தட்டை அடியில் கொண்ட தொட்டியில் பொடியை நிரப்பிக் கீழிருந்து காற்றைச் செலுத்துவார்கள். பொடி திரவம்போல் பொங்கி நிற்கும். சூடாக்கிய உலோகத்தை அதில் முக்கினால், பட்ட பொடி உருகி ஒட்டிக்கொள்ளும். 150 முதல் 500 மைக்ரான் வரை தடித்த அந்தப் பூச்சு மின்காப்புக்கும் துருத்தடுப்புக்கும் உதவியதே தவிர, அழகுக்கு ஆகவில்லை. 1960-களின் நடுவில் மின்னேற்றத் துப்பாக்கி பரவிய பிறகே மெல்லிய, வழவழப்பான பூச்சு கைகூடியது. துப்பாக்கியில் பல பத்தாயிரம் வோல்ட் மின்னேற்றம் பெறும் பொடி, எர்த் செய்த உலோகத்தை நாடிச் சென்று படிகிறது. படியாமல் சிந்துவதைத் திரட்டி மறுபடி பயன்படுத்தலாம்.

பொடிகள் இரு வகை. நைலான், பாலிஎத்திலீன் போன்றவை சூட்டில் மீண்டும் இளகும். எப்பாக்சி, பாலியெஸ்டர், இரண்டும் கலந்த ஹைப்ரிட் ஆகியவை ஒருமுறை இறுகினால் பிறகு உருகா. சக்கரத்துக்கு இரண்டாம் வகையே பொருந்தும். அதிலும் எப்பாக்சி வெயில் பட்டால் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளிறிவிடும் என்பதால் பிரைமராக அடியில் மட்டுமே இடம்பெறுகிறது, மேற்பூச்சு பாலியெஸ்டர். ‘கேண்டி’ எனப்படும் ஆழ்ந்த பளபளப்பு நிறங்கள் வெள்ளி அடிப்பூச்சின்மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தைப் பூசிப் பெறப்படுபவை.

வேலையில் பெரும்பகுதி பூசுவதற்கு முன்பே முடிகிறது. டயர், வால்வு, பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றைக் கழற்றிப் பழைய பெயிண்டை ரசாயனத்தாலோ மணல் வீச்சாலோ நீக்க வேண்டும். குரோம் முலாம் இருந்தால் அதையும் எடுத்தாக வேண்டும். அதன்மேல் பொடி பிடிக்காது. ஸ்போக் வீலைப் பிரிக்காமல் அப்படியே பூசித்தரும் கடைகள் உண்டு. அது சோம்பேறி வேலை: நிப்பிள்கள் பூச்சில் இறுகிப்போவதால் பிறகு கோட்டம் எடுக்க முடியாது. வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் தங்கிய எண்ணெயும் காற்றும் சூட்டில் வெளியேறிக் குமிழ் இடும். ஆகவே வீலை ஒருமுறை வெறுமனே சுட்டெடுப்பது வழக்கம். ஹப்பின் மூலை முடுக்குகளில் மின்புலம் நுழையாததால் பொடி சரியாகப் படியாது. கைத்திறன் தெரிவது அங்கேதான். பேரிங் உட்காரும் இடம், ஆக்சில் துளை, டிஸ்க் பொருந்தும் முகம், திருகுமரைகள் ஆகியவற்றைச் சிலிக்கோன் அடைப்பானாலும் வெப்பம் தாங்கும் டேப்பாலும் மூடுவார்கள். உலோகம் 180 முதல் 200 டிகிரி செல்சியஸை எட்டியபின் பத்து, இருபது நிமிடத்தில் பூச்சு இறுகிவிடும். இந்தச் சூடு அலாய் வீலைப் பலவீனமாக்கும் என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆலையிலிருந்து வரும் அலாய் வீல்கள் பலவும் பவுடர் அடுப்பைக் கடந்தவையே. ஒரே வீலை நிறம் மாற்றி மாற்றிச் சுடுவது வேறு விஷயம்.

1969-இல் ஹோண்டா சிபி750 முன்சக்கர டிஸ்க்கோடு வந்தது முதல் பிரேக்கும் கண்ணில் படும் உறுப்பாயிற்று. ஜப்பானியர் துருவேறாத எஃகை விரும்பினர். அக்கால இத்தாலிய வண்டிகள் பலவற்றில் வார்ப்பிரும்பு. எதுவானாலும் பேட் உரசும் வளையத்தில் பூசக் கூடாது. கடும் பிரேக்கில் அங்கே எழும் வெப்பம் பூச்சைக் கருக்கிவிடும்; கருகிய பிசின் பேடில் ஏறினால் பிடிமானம் போகும். மிதவை டிஸ்க்கில் அலுமினிய நடுப்பகுதியை வளையத்திலிருந்து பிரித்துப் பூசலாம். ஆனால் ஹப்போடு சேரும் முகத்தில் பூச்சு ஏறக் கூடாது: பூச்சு சமமாக இல்லாவிட்டால் டிஸ்க் ஆடும், போல்ட் பிடிப்பும் நாளடைவில் தளரும். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் உரசும் உலோகத்துக்கே உரியது. பூச்சைச் சேர்த்து அளப்பது தவறு.

தமிழ்நாட்டில் கோவை, அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் இவ்வேலை நடக்கிறது.