தரையிலிருந்து மேஜைக்கு ஏறிய ரயில்

மாடல் ரயில் கட்ட ஆரம்பிப்பவர்கள் எந்த எஞ்சின் வாங்குவது, மலையை எதில் செய்வது, சிக்னல் எரியுமா என்றெல்லாம் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். இவ்வளவையும் தாங்கப் போகிற மேஜை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று மட்டும் பெரும்பாலும் யோசிப்பதில்லை. வீட்டில் எந்த மேஜை சும்மா கிடக்கிறதோ, அதன் உயரம்தான் ரயிலின் உயரம்! ஆனால் இந்தச் சின்ன விஷயத்துக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் பொம்மை ரயில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில், யாருக்காக முதலில் செய்யப்பட்டதோ அந்தக் குழந்தையின் தலைக்கு மேலேயே போய்விட்டது.

ஆரம்பத்தில் ரயில் தரையில்தான் ஓடியது. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பித்தளையில் செய்த நீராவி எஞ்சின் பொம்மைகள் விற்றன. தண்டவாளம் கிடையாது. அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றிவிட்டால், தண்ணீரை ஒழுகவிட்டபடியே கூடத்தில் நேராக ஓடி எங்காவது போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஒழுகும் பொம்மை என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. இப்படிப்பட்டதைச் சாப்பாட்டு மேஜையில் வைக்க எந்த வீட்டம்மாவும் சம்மதித்திருக்க மாட்டார்.

1891-ல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளமும் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலும் வைத்தது. தண்டவாள அகலத்துக்கு எண் கொடுத்து, பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்ற முறையைக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். ஆனால் பெரிய அளவு ரயில்கள் அவை. சிறியது என்று பெயர் வாங்கிய 'ஓ' கேஜுக்கே தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர். அதில் இரண்டு அடி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் குறுக்கே நான்கு அடி. எந்த மேஜை அதைத் தாங்கும்? கூடத்துத் தரைதான் கதி. எச்.ஜி. வெல்ஸ் 1911-ல் குழந்தைகள் விளையாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியபோது அதற்கு வைத்த தலைப்பே 'தரை விளையாட்டுகள்' என்பதுதான்.

இதில் ஒரு லாபமும் இருந்தது. குழந்தை குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு ரயில் வருவதைப் பார்க்கும். அந்தக் கோணத்தில் பொம்மை பொம்மையாகத் தெரியாது, நிஜ ரயிலாகத் தெரியும். பெரியவர்கள் பிற்பாடு அங்குலம் அங்குலமாகக் கணக்குப் போட்டுத் தேடியது இதே கோணத்தைத்தான்.

ரயில் மேஜைக்கு ஏறிய சம்பவங்களில் மிகவும் ஆடம்பரமானது நம் நாட்டில் நடந்தது. குவாலியர் மகாராஜா இரண்டாம் மாதவராவ் சிந்தியாவுக்கு (ஆட்சி 1886 முதல் 1925 வரை) ரயில் என்றால் உயிர். தன் சமஸ்தானத்தில் இரண்டடி அகலக் குட்டி ரயில் பாதையே போட்டவர் அவர். ஜெய் விலாஸ் அரண்மனையின் விருந்து மேஜையில் ஓட, இங்கிலாந்தின் பாசெட்-லோக் நிறுவனத்திடம் வெள்ளியில் ஒரு ரயில் செய்து வாங்கினார். அது பிராந்தியும் சுருட்டும் ஏற்றிக்கொண்டு விருந்தாளிகள் முன்னால் சுற்றி வரும். யாராவது குடுவையைக் கையில் எடுத்தால் ரயில் நின்றுவிடும். திரும்ப வைத்தால் கிளம்பும்! அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வாய் பிளந்து பார்க்கும் பொருள் இது. இந்த ரயில் ஓடிய உயரம் ரயிலுக்காகத் தீர்மானித்தது அல்ல. உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனின் கைக்காகத் தீர்மானித்தது. கண்ணுக்கு இங்கே வேலை குறைவு, கைக்குத்தான் வேலை.

மகாராஜா அல்லாதவர்கள் வீட்டு மேஜைக்கு ரயில் வந்தது 1922-ல். நியூரம்பர்க் நகரத்து பிங் நிறுவனம் 'ஓ' கேஜைப் பாதியாக்கி ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஒரு ரயில் செய்தது. 'மேஜை ரயில்' என்ற பெயரிலேயே விற்றது. 1935-ல் ட்ரிக்ஸும் மார்க்லினும் இதே அளவில் மின்சார ரயில் கொண்டுவந்தன. 1938-ல் லிவர்பூல் மெக்கானோ கம்பெனியின் 'ஹார்ன்பி டப்லோ' வந்தது. அதன் வளைவு ஆரம் 15 அங்குலம். அதாவது வட்டத்தின் குறுக்களவு இரண்டரை அடிதான். மூன்றடி அகலச் சாப்பாட்டு மேஜையில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படித்தான் சுமார் 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி, என்பது மாடல் ரயிலின் உயரம் ஆனது. சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் ஏற்பட்ட உயரம் அது. ரயிலுக்கு அது பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை.

பொருந்துமா? ஒரு சின்னக் கணக்கு. 'எச்ஓ' அளவு என்பது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் நின்றால் கண் ஏறத்தாழ 155 செ.மீ. உயரத்தில் இருக்கும். 75 செ.மீ. மேஜைக்கு மேல் 80 செ.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 70 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரமே சுமார் 72 மீட்டர்தான்! அதாவது சாப்பாட்டு மேஜை ரயிலை நின்றுகொண்டு பார்ப்பவர், ராஜகோபுரத்து உச்சியில் ஏறி நின்று கீழே போகிற ரயிலைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார். தெரிவதெல்லாம் பெட்டிகளின் கூரை. நாற்காலியில் உட்கார்ந்தால் இது பாதியாகக் குறையும். 160-ல் ஒரு பங்கான 'என்' அளவு ரயில் என்றால் நிலைமை இன்னும் மோசம். ரயில் சின்னதாக ஆக ஆக மேஜை உயர வேண்டும் என்பது கேட்க விசித்திரமாக இருந்தாலும் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

கண் மட்டும் தீர்மானிப்பதாக இருந்தால் மேஜையை நெஞ்சு வரை உயர்த்திவிட்டுப் போய்விடலாம். கை விடாது. கவிழ்ந்த பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டும், கம்பி பற்றவைக்க வேண்டும், மரம் நட வேண்டும். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே மேஜை இருந்தால் குனிந்து எட்டி இரண்டரை அடி தூரம் வரை வேலை செய்யலாம். நெஞ்சு உயரத்தில் குனியவே முடியாது. கை எட்டுவது இரண்டு அடிகூடத் தேறாது, முன்னால் இருக்கிற மரமும் கம்பமும் சட்டைக் கையில் சிக்கி விழும். கண் மேலே இழுக்கிறது, கை கீழே இழுக்கிறது.

இந்த இழுபறி மாடல் ரயில்காரர்கள் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், பள்ளிப்பட்டு பக்கம் இருக்கும் பொதட்டூர்பேட்டை நெசவுக்குப் பேர்போன ஊர். குழித்தறியில் உட்காருகிற நெசவாளர் இதே கேள்விக்கு மேஜையை உயர்த்தாமல் தரையைத் தோண்டிப் பதில் சொன்னார். ஆள் தரை மட்டத்தில் உட்காருவார், கால் குழிக்குள் மிதிகட்டையில் இருக்கும், துணி மடிக்கு நேராக வரும். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும் தூரம், முடிச்சுப் போடக் கை எட்டும் தூரம். இரண்டுக்கும் ஒரே இடம். ஈர மண்ணின் குளிர்ச்சி பாவு இழை அறுகாமல் காப்பது கூடுதல் லாபம். அதே தறியில் மகன் உட்கார்ந்தால் அடியில் ஒரு பலகையோ மடித்த சாக்கோ போட்டால் போதும். விசைத்தறி வந்தபோதுதான் கதை மாறியது. இரும்புச் சட்டத்தின் உயரத்தைத் தொழிற்சாலை தீர்மானித்து அனுப்பியது. நெசவாளர் எழுந்து நின்றார், அதன் உயரத்துக்குத் தன் முதுகை வளைத்துக்கொண்டார். குழித்தறியில் உட்கார்ந்தும் இடுப்பு வலி வராமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் தறி ஆளுக்கு வளைந்ததா, ஆள் தறிக்கு வளைந்தாரா என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

மாடல் ரயிலில் மேஜை ஆளுக்கு வளைய ஆரம்பித்தது அமெரிக்காவில். லின் வெஸ்ட்காட் என்ற பத்திரிகையாசிரியர் 1960-களில் 'எல்' வடிவ மரச்சட்டம் என்ற ஒரு முறையைப் பிரபலப்படுத்தினார். மேல் பலகையே இல்லாமல் நீளச் சட்டங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றிலிருந்து எழும் சின்னக் கால்களில் தண்டவாளம். எங்கே வேண்டுமோ அங்கே ஏற்றலாம், எங்கே வேண்டுமோ அங்கே இறக்கலாம். கலிபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் தன் ரயில் அமைப்பில் மலையை அறையின் தரையிலிருந்து கூரை வரை கட்டினார். மேஜை என்ற எண்ணமே அங்கு காணாமல் போய்விட்டது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து அதுவும் அழிந்தது.

பிறகு சங்கங்கள் வந்தன. ஆளுக்கு ஒரு துண்டு செய்து கொண்டுவந்து ஓரிடத்தில் இணைப்பார்கள். துண்டுகள் பொருந்த வேண்டுமானால் எல்லாருக்கும் ஒரே உயரம் வேண்டுமே! 1970-களில் அமெரிக்காவில் தோன்றிய 'என்-ட்ராக்' 40 அங்குலம் என்று வைத்தது, அதாவது சுமார் 102 செ.மீ. ஐரோப்பாவின் 'ஃப்ரெமோ' அமைப்பு 130 செ.மீ. என்று வைத்தது. பெரியவர்கள் கண்ணுக்கு ஃப்ரெமோ அருமையான உயரம். முன்பு போட்ட கணக்கின்படி பார்த்தால் ராஜகோபுரத்திலிருந்து இறங்கி ஏழாவது மாடிக்கு வந்தாயிற்று. அடியில் படுத்துக் கம்பி இணைக்க வேண்டியதில்லை, ஸ்டூலில் உட்கார்ந்தே செய்யலாம். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களில் வயதானவர்கள் அதிகம் என்பதால் முழங்காலும் முதுகும் இதற்கு ஓட்டுப் போட்டிருக்கும்.

ஆறு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 115 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கண் 105-க்குச் சற்றுக் கீழே. என்-ட்ராக் உயரத்தில் தண்டவாளம் அந்தக் கண்ணுக்கு நேராக வருகிறது. அங்கே நிற்கும் யாரையும்விட அந்தக் குழந்தைக்குத்தான் ரயில் நிஜமாகத் தெரியும். ஃப்ரெமோ உயரத்திலோ அதன் உச்சந்தலைக்கும் மேலே அரை அடி. தெரிவது பலகையின் அடிப்பாகமும் தொங்கும் கம்பிகளும்தான். சக்கர நாற்காலியில் வருபவர் கதியும் ஏறத்தாழ அதேதான். கண்காட்சிகளில் குழந்தைகளுக்காகச் சின்னப் படி போடுவது உண்டு. அதைப் பிறகு யோசித்துச் சேர்த்தது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

தமிழ் வீடுகளில் இந்தப் பிரச்சனை எழவே இல்லை என்பது வேடிக்கை. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் தரையில் 'பார்க்' போடுவார்கள். மணல் பரப்பி, கேழ்வரகோ கடுகோ தூவி முளைக்கவிட்டுப் புல்வெளி, கண்ணாடி பதித்துக் குளம், சுற்றிலும் சாவி கொடுத்த ரயில். பெரியவர்களுக்குப் படி, குழந்தைகளுக்குத் தரை என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்படித்தான் அமைந்தது. சுண்டல் வாங்க வந்த குழந்தைகள் ஜமக்காளத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து அங்கேதான் போய்ச் சேரும். உலகம் முழுக்க ரயில் மேஜை ஏறிவிட்ட பிறகும் இங்கே அது தரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கண்ணுக்கும் கைக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்பதால் எல்லாருக்கும் பொருந்தும் எண் என்று ஒன்று கிடையாது. நின்று ஓட்டுபவர் முழங்கைக்கும் மார்புக்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்து ஓட்டுபவருக்குச் சாப்பாட்டு மேஜையைவிட அரை அடி கூடினால் நல்லது. மேஜை வாங்கும் முன்னால் நாலு செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகையையும் ஒரு பெட்டியையும் வைத்து, வீட்டில் இருக்கும் எல்லாரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வதுதான் மலிவான வழி. எல்லாரையும் என்றால் கடைக்குட்டியையும் சேர்த்து.

இடம் இருக்கிறவர்கள் வேறு மாதிரி தப்பித்தார்கள். 1980-களுக்குப் பிறகு அமெரிக்காவில் இரண்டு அடுக்கு ரயில் அமைப்புகள் பரவின. கீழ் அடுக்கு ஏறத்தாழ மூன்று அடியில், மேல் அடுக்கு நாலரை அடிக்கு மேல். நடுவில் சுருள் படிக்கட்டு மாதிரி ஒரு பாதையில் ரயில் சுற்றிச் சுற்றி ஏறும். மேல் அடுக்கை ஓட்டுபவர் நின்றுகொண்டிருப்பார். கீழ் அடுக்கை ஓட்டுபவர் சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து ரயிலோடு கூடவே நகர்வார். ஸ்டூலைத் தள்ளி வைத்துவிட்டால் அந்த இடத்தில் ஆறு வயதுக் குழந்தை நின்றுகொண்டே ஓட்டலாம்.