'செங்கல்பட்டு ஏரியா' வசூல்னா என்ன? மாவட்டம் வேற, சினிமா கணக்கு வேற!

பெரிய ஹீரோ படம் ரிலீஸான மறுநாளே எக்ஸ் தளத்தில் 'செங்கல்பட்டு ஏரியாவில் இத்தனை கோடி' என்று போஸ்டர் பறக்கும். ஒரு பக்கம் கொண்டாட்டம். இன்னொரு பக்கம் 'ஃபேக் கலெக்‌ஷன்' என்று சண்டை. சரி, அந்த செங்கல்பட்டு எது? அந்தக் கோடி யார் கைக்குப் போகுது?

எது இந்த ஏரியா?

சென்னை சிட்டி, செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு, கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், திருநெல்வேலி-கன்னியாகுமரி. இப்படித்தான் தமிழ்நாட்டு சினிமா வியாபாரம் ஏரியா பிரித்திருக்கிறது. பெரும்பாலும் பழைய மாவட்ட எல்லைகள்தான் இதற்கு அடிப்படை.

செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஆனால் விநியோகஸ்தர்கள் பேச்சில் பழைய செங்கல்பட்டு அப்படியே இருக்கிறது. அதனால்தான் மாமல்லபுரம் கடற்கரைப் பக்கமும், ஆந்திர எல்லையில் உள்ள கும்மிடிப்பூண்டியும் ஒரே ஏரியாவில் வருகின்றன.

ஏன் இவ்வளவு மவுசு?

காரணம், சென்னையின் வளர்ச்சி. தாம்பரம், குரோம்பேட்டை, ஆவடி, பூந்தமல்லி எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்ட ஊர்கள். ஈ.சி.ஆரில் மாயாஜால் மல்டிபிளக்ஸ் இருக்கும் கானாத்தூரும் அப்படித்தான். மக்கள் பேச்சில் இவை 'சென்னை'. பழைய எல்லைப்படி செங்கல்பட்டு. ஒருவர் புறநகரை சென்னை கணக்கில் சேர்த்து, இன்னொருவர் சேர்க்காமல் விட்டால், ஒரே படத்துக்கு இரண்டு 'சென்னை வசூல்' வந்துவிடும்.

கோடி யாருக்கு?

போஸ்டரில் வருவது பெரும்பாலும் கிராஸ், அதாவது டிக்கெட் விற்ற மொத்தப் பணம். அதில் ஜி.எஸ்.டி.யும் உள்ளாட்சி கேளிக்கை வரியும் போனால் நெட். அதில் தியேட்டர் பங்கு போக மிஞ்சுவதுதான் விநியோகஸ்தர் ஷேர். முதல் வாரம் அவருக்கு சதவீதம் அதிகம், போகப்போக குறையும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏரியா உரிமை 10 கோடி. கிராஸ் 15 கோடி. வரி போக 12 கோடி. சராசரியாகப் பாதி ஷேர் என்றால் 6 கோடி. ரசிகர் பார்வையில் 15 கோடி ஹிட். வாங்கியவருக்கு 4 கோடி நஷ்டம்!

நஷ்டம் யார் தலையில்?

எம்.ஜி. எனப்படும் மினிமம் கேரண்டி முறையில் வாங்கினால், நஷ்டம் விநியோகஸ்தருக்கு. கமிஷன் அடிப்படையில் வெளியிட்டால் தயாரிப்பாளருக்கு. 2002-ல் 'பாபா' சரியாகப் போகாதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2014 டிசம்பரில் வந்த 'லிங்கா'வுக்கு நஷ்ட ஈடு கேட்டு அடுத்த மாதமே விநியோகஸ்தர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், நஷ்டத்தைத் திருப்பித் தருவது ஹீரோ, தயாரிப்பாளர் மனசைப் பொறுத்ததுதான்.

போஸ்டரைப் பகிரும் முன்...

1. கிராஸா, ஷேரா?
2. புறநகர் எந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது?
3. ஏரியா உரிமை எவ்வளவுக்குப் போனது?
4. தகவல் சொன்னது யார்? படத்தின் வசூலை அதிகாரபூர்வமாக வெளியிடும் பொது அமைப்பு இங்கே கிடையாது. தயாரிப்பு நிறுவனம் தரும் எண்ணும், டிராக்கர் தரும் மதிப்பீடும் ஒன்றல்ல.

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல், வெறும் கிராஸை வைத்து 'ஹிட்', 'ஃபிளாப்' என்று அடித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை.