மலையும் ஆறும் ஆட்சியும்

குனோங் ராபாட்டில் நின்று சுற்றிப் பார்த்தால் சுண்ணாம்புக் குன்றுகள் நம் கண்ணில் படுகின்றன. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலைத்தொடர். நடுவே கிந்தா ஆறு பாயும் பள்ளத்தாக்கு. ஒரு நாட்டின் நில அமைப்பும் ஆட்சி முறையும் அதன் வரலாற்றை எவ்வாறு உருவாக்குகின்றன? விடை காண, முதலில் பழைய கிரேக்க நாட்டுக்குச் சென்று, பிறகு நம் பேராக்குக்குத் திரும்புவோம்.

கிரேக்கம் மலைகள் நிறைந்த நாடு. மலைகள் ஊரை ஊரினின்று பிரித்தன. ஆகவே ஒரே மொழி பேசிய மக்கள் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, கொரிந்து எனத் தனித்தனி நகர அரசுகளாக வாழ்ந்தனர். விளைநிலம் குறைவு; கடலோ அருகில். எனவே கப்பலேறி வாணிகம் செய்தனர். கி.மு. 483-ஆம் ஆண்டையொட்டி, ஏதென்சைச் சேர்ந்த லாரியம் சுரங்கங்களில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்தது. குடிமக்களுக்குப் பங்கிட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. தெமிஸ்டோக்ளிஸ் என்னும் தலைவரோ போர்க்கப்பல் கட்டுவோம் என்றார். மக்கள் மன்றம் இசைந்தது. கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வெல்ல அக்கப்பல்களே உதவின. வெள்ளியைத் தந்தது மண். அதைக் கப்பலாக்கியது ஆட்சி. ஆனால் அவ்வெள்ளியை வெட்டியெடுத்த அடிமைகளுக்கு அந்த மன்றத்தில் இடமில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். பேராக் என்ற மலாய்ச் சொல்லுக்கும் வெள்ளி என்பதே பொருள். ஈயத்தின் வெண்ணிறத்தால் இப்பெயர் வந்தது என்பர். 1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது. அதன் கடைசிச் சுல்தானின் மகன் முசபர் ஷா 1528-இல் பேராக்கில் அரசு அமைத்தார். கிரேக்கத்தில் மலை பிரித்தது. இங்கே ஆறு இணைத்தது. சாலையில்லாத காட்டில், சுமார் 400 கிலோமீட்டர் நீளமுள்ள பேராக் ஆறே பெருவழி. ஈயம் ஏற்றிய படகு அவ்வழியேதான் கடலுக்குப் போகவேண்டும். ஆற்றைக் காத்தவர் வரி வாங்கினார். வரி வாங்கியவர் ஆண்டார்.

1840-களில் லோங் ஜாபார் என்பவர் லாருட்டில் ஈயத் தொழிலை வளர்த்தார். லாருட் மலைக்கு அப்பால் உள்ளது. அதன் ஈயம் பேராக் ஆற்றுக்கு வராமல் நேரே கடலுக்குச் சென்றது. அச்செல்வம் அவர் மகன் ஙா இப்ராகிமிடம் குவிந்தது. சுல்தானின் பிடி தளர்ந்தது. 1861 முதல் கீ ஹின், ஹை சான் என்னும் சீனர் சங்கங்கள் அங்கே மோதிக்கொண்டன. 1871-இல் சுல்தான் அலி காலமானபோது, ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்த ராஜா அப்துல்லா நல்லடக்கத்துக்குச் செல்லவில்லை. தலைவர்கள் இஸ்மாயிலை அரியணையேற்றினர். அப்துல்லா ஆங்கிலேயரை நாடினார்.

1874 ஜனவரி 20-இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அப்துல்லா சுல்தானானார், ஆனால் சமயமும் மலாய் வழக்கமும் தவிர்ந்த அனைத்திலும் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆலோசனைப்படி நடக்கவேண்டியவரானார். முதல் ரெசிடெண்டு பர்ச், தலைவர்களின் வரி உரிமையில் கை வைத்தார். 1875 நவம்பர் 2-இல் பாசிர் சாலாக்கில் ஆற்றங்கரையிலேயே கொல்லப்பட்டார். மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார். அப்துல்லா சேசெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஏதென்சில் சுரங்கச் செல்வம் நாட்டைக் காத்தது. பேராக்கில் அதுவே தன்னாட்சியை இழக்கக் காரணமாயிற்று. மண்ணில் குறையில்லை, ஒன்றுகூடி முடிவு செய்யாமையே குறை.

1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இரயில் ஓடியது. ஆற்றின் ஆதிக்கம் குறைந்தது. கிந்தாவின் ஈயத்தால் ஈப்போ வளர்ந்தது. தண்டவாளம் போட்டும் ரப்பர் மரம் சீவியும் உழைத்த நம் முன்னோர்க்கும் அன்றைய ஆட்சியில் குரல் இல்லை.

மாணவர்களே, இன்று ஈய லம்பங்கள் இருந்த இடங்களில் குளங்கள் கிடக்கின்றன. அவற்றைக் கடக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த மண் என்ன தந்தது? அதை என்ன செய்வதென்று முடிவு செய்தவர் யார்? இவ்விரண்டுக்கும் விடை தேடுவதே வரலாறு படிப்பதாகும்.