எண்பதாவது விமானம்



2020 முதல் 2024 வரையிலான ஆயுத இறக்குமதியில் உக்ரைன் முதலிடம், இந்தியா இரண்டாமிடம் என்ற செய்தியை அனுப்பி, "சார், இது பெருமையா, வெட்கமா?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். எத்தனையாவது இடம் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2010-14-ல் 72 சதவீதம், 2020-24-ல் 36. எனக்கு அதுதான் செய்தி. வாங்கிய பிறகு உதிரி பாகம் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. ஈரான் பட்ட பாட்டைச் சொன்னால் புரியும்.

1972 மே மாதம் அமெரிக்க அதிபர் நிக்சன் டெஹ்ரான் போனார். அணு ஆயுதம் தவிர ஏறக்குறைய எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மன்னர் ஷாவுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு எண்ணெய் விலை ஏறத் தொடங்கி, சில மாதங்களில் நான்கு மடங்கானது. பணம் கொட்டியது. ஷா 80 எஃப்-14 போர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். அமெரிக்கா அந்த விமானத்தை வேறு எந்த நாட்டுக்கும் விற்றதில்லை. அதைத் தயாரித்த கிரம்மன் கம்பெனியோ அப்போது பண நெருக்கடியில் இருந்தது. 1974-ல் ஈரானின் மெல்லி வங்கி அதற்கு 7.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. கடைக்காரருக்கே கடன் கொடுத்துச் சாமான் வாங்கிய கதை இது!

1979-ல் புரட்சி. ஷா நாட்டைவிட்டுப் போனார். 79 விமானங்கள் வந்து சேர்ந்திருந்தன. எண்பதாவதை அமெரிக்கா தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்த நவம்பரில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளானார்கள். உதிரி பாகங்கள் நின்றன. 1980 செப்டம்பரில் இராக் படையெடுத்தது. ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டித்தான் பறக்க வேண்டியிருந்தது. ஈரான் விமானிகள் அதை வைத்துக்கொண்டே நன்றாகச் சண்டை போட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு இன்றும் ஆறாதது அடுத்து நடந்தது. ஈரானுக்கு யாரும் ஆயுதம் விற்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்கா, லெபனானில் சிக்கியிருந்த தன் ஆட்களை மீட்பதற்காக, 1985-ல் இஸ்ரேல் வழியாக ஈரானுக்கே ரகசியமாக ஏவுகணை அனுப்பியது. "பெரிய சாத்தான்" என்று தினமும் திட்டிய ஈரானும் வாங்கியது. வேறு வழி? ராணுவம் முழுக்க ஷா காலத்து அமெரிக்கச் சரக்கு. அதற்குப் பொருந்துவது வேறு கடையில் கிடைக்காது. விலையையும் ஏற்றித்தான் விற்றார்கள். அந்த நவம்பரில் வந்திறங்கிய ஹாக் ஏவுகணைகள் ஈரான் எதிர்பார்த்த வகை இல்லை. போதாக்குறைக்குச் சிலவற்றில் இஸ்ரேல் முத்திரை வேறு! திருப்பி அனுப்பினார்கள். மறு ஆண்டு நவம்பரில் ஒரு லெபனான் பத்திரிகை எல்லாவற்றையும் போட்டுடைத்தது. கிடைத்த லாபம் நிகரகுவா அரசை எதிர்த்த கலகக்காரர்களுக்குப் போனதும் பிறகு வெளியே வந்தது.

2006-ல் அமெரிக்கக் கடற்படை எஃப்-14-க்கு ஓய்வு கொடுத்தது. சில அருங்காட்சியகங்களுக்குப் போயின. அதிலிருந்து ஓர் ஆணிகூட ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று, மற்றவற்றில் பலவற்றை எந்திரத்தில் போட்டுத் துண்டுதுண்டாக நறுக்கினார்கள்.