கையெழுத்துக்கு முன் ஒரு மருத்துவர்

1964 அக்டோபர் 12 அன்று வோஸ்கோத்-1 கலத்தில் ஏறிய சோவியத் நாட்டின் போரிஸ் யெகோரோவ்தான் விண்வெளிக்குப் போன முதல் மருத்துவர். ஒரே நாளில் திரும்பிவிட்டார். அமெரிக்கத் தரப்பில் முதலில் போனவர் ஜோசப் கெர்வின். 1973-இல் ஸ்கைலாப் பயணத்தில் 28 நாட்கள். பின்னர், 1987-இல், நாசாவிலிருந்து விலகி லாக்ஹீட் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நாளில் நிறுவனங்கள் நாசாவுக்கு வேண்டியதைச் செய்து கொடுத்தன. மனிதர்களைத் தாங்களே மேலே அனுப்பவில்லை. மருத்துவரும் விண்வெளி வீரருமான டாம் மார்ஷ்பர்ன் நாசாவிலிருந்து கிளம்பிய காலம் வேறு.

வட கரோலினாவில் பிறந்த மார்ஷ்பர்ன் முதலில் இயற்பியல் படித்தார், பிறகு மருத்துவம். 1994-இல் நாசாவில் சேர்ந்தது விண்பயண மருத்துவராக, அதாவது மேலே போகிறவர்களின் உடலைக் கீழிருந்து கவனிப்பவராக. பத்தாண்டு கழித்து அவரே வீரராகத் தேர்வானார்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதை 2013 மே மாதம் காட்டியது. அவரது இரண்டாம் பயணம் முடிந்து பூமிக்குத் திரும்பச் சில நாட்களே இருந்தன. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே வெள்ளைத் துகள்கள் பறப்பதைக் குழுவினர் கண்டார்கள். மின்கருவிகளைக் குளிர்விக்கும் அம்மோனியா கசிந்துகொண்டிருந்தது. இரண்டே நாளில் விண்நடைக்குத் திட்டம் தயாரானது. மே 11 அன்று மார்ஷ்பர்னும் கிறிஸ் காசிடியும் வெளியே போனார்கள். 2009-இல் எண்டெவர் ஓடத்தில் வந்தபோது இருவரும் அதே பகுதியில் வேலை செய்திருந்தார்கள்! ஐந்தரை மணி நேரம் உழைத்து பம்ப் பெட்டியை மாற்றியதும் கசிவு நின்றது. அம்மோனியா நச்சு, உடையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தால் எல்லோருக்கும் ஆபத்து. ஒரு மருத்துவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த சில நாட்களில் சோயூஸில் தரையிறங்கினார்.

2021 நவம்பரில் மூன்றாம் பயணம், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தில். 61 வயதில் விண்நடையும் செய்தார். 2022 இறுதியில் நாசாவிலிருந்து ஓய்வு பெற்று, சியரா ஸ்பேஸ் நிறுவனத்தின் தலைமை மருத்துவ அதிகாரியானார். காற்று நிரப்பினால் விரியும் துணிச்சுவர் வசிப்பிடத்தை உருவாக்கி வரும் நிறுவனம் அது.

அங்கே மருத்துவருக்கு என்ன வேலை? நாசா பொறுக்கி எடுத்த உடல்களைத்தான் அனுப்பும். அந்த உடல்களிலேயே எலும்பு தேய்கிறது, பார்வை மாறுகிறது. கட்டணப் பயணத்திலோ அந்தச் சல்லடை இல்லை. சிறுவயதில் எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டு, காலில் செயற்கை எலும்புடன் வாழும் ஹேலி ஆர்சினோ, 2021 செப்டம்பரில் இன்ஸ்பிரேஷன்4 என்ற தனியார் பயணத்தில் மூன்று நாள் சுற்றி வந்தார். நாசா தேர்வில் அவருக்கு வழி இருந்திருக்காது. இந்தக் கதவு திறந்ததை மனமார வரவேற்கிறேன்.

ஆனால் 2004-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், பயணிகளின் பாதுகாப்புக்கு அரசு விதி வகுப்பதைப் பெரும்பாலும் தள்ளிவைத்தது. தள்ளிவைப்பு பலமுறை நீண்டது. அபாயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதே முதன்மையான கடமை. அரசு ஒதுங்கி நிற்கும் இடத்தில், "இவர் இப்போது போகக் கூடாது" என்று சொல்ல நிறுவனத்துக்குள்ளேயே ஒருவர் வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்லும் தகுதி, விண்வெளியில் பதினோரு மாதங்களுக்கு மேல் வாழ்ந்த மருத்துவருக்கு இருக்கிறது. அதைக் கேட்டே தீரவேண்டிய கட்டாயத்தை நிறுவனங்கள் தங்களுக்கு எழுதிக்கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையில் நடந்தவர் அனில் மேனன். ஸ்பேஸ்எக்ஸின் முதல் விண்பயண மருத்துவரான அவரை 2021 டிசம்பரில் நாசா வீரராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வாரம் அவரைப் பார்ப்போம்.

(தொடரும்)