உமறுப் புலவர் பள்ளியும் ஆசிரியரின் இரு கடமைகளும்

சிங்கப்பூரில் குடியேறிய கடையநல்லூர் மக்களின் அமைப்பான கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946ஆம் ஆண்டில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் இயற்றிய உமறுப் புலவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1960இல் உயர்நிலை வகுப்புகளும் தொடங்கின. சிங்கப்பூரில் உயர்நிலைக் கல்வியைத் தமிழ்வழி அளித்த ஒரே பள்ளி அதுவே.

அங்குத் தமிழ் ஒரு பாடம் மட்டுமன்று. பிற பாடங்களையும் தாங்கிய மொழி. கணிதமும் அறிவியலும் கற்பித்த ஆசிரியர்கள், கலைச்சொற்களை ஏட்டிலிருந்து மாணவர் நாவிற்குக் கொணர்ந்தனர். மொழியியலார் பயன்பாட்டுக் களம் என்று குறிப்பது இதனையே.

ஆயினும் ஆசிரியர் தந்தையுமாவார். மேற்கல்வியும் வேலைவாய்ப்பும் ஆங்கிலத்தின் வழியே அமைந்த நகரில், பிள்ளையை எப்பள்ளியில் சேர்ப்பது என்னும் வினாவிலிருந்து தமிழாசிரியர் குடும்பங்களும் விலகி நிற்க இயலவில்லை. ஆங்கிலப் பள்ளியை நாடிய பெற்றோரைப் பழித்தல் தகாது. குடும்பத்தைக் காத்தலும் கடமையே. மாணவர் தொகை குறையவே, 1982இல் பள்ளி மூடப்பட்டது.

இன்று லிட்டில் இந்தியா வட்டாரத்தில், பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ், பள்ளிப் பாடமாக நிலைபெற்றுள்ளது. எனினும், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியரின் விகிதம் 2010இல் 36.7 விழுக்காடாக இருந்து, 2020இல் 27.3 ஆகக் குறைந்தது.

பள்ளி இழந்த களத்தை இனி வீடே ஈடுசெய்தல் வேண்டும். வகுப்பில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், மாலையில் தம் பிள்ளைக்குக் கணக்கையும் தமிழிலேயே விளக்குவாராயின், அன்று முரண்பட்ட இரு கடமைகளும் ஒன்றாகும்.