வெள்ளவத்தை முதல் கொள்ளுப்பிட்டி வரை: ஒரு சாகசப் பயணம்

ஆடிவேல் காலத்தில் கனடாவிலிருந்து வந்த நண்பர் ஒருவரின் மகன் எனது வீட்டில் மூன்று நாள்கள் தங்கியிருந்தான். அறுகம்குடாவில் அலைச்சறுக்கு, கித்துல்கலையில் இறப்பர்ப் படகு, எல்ல மலையேற்றம் என்று தனது பயணப் படங்களைக் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டிய பின்னர் கேட்டான்:

"அங்கிள், நாப்பது வருசம் பேப்பரில இருந்தனீங்கள். ஒரு அட்வென்ச்சரும் செய்யேல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் வெள்ளவத்தையில ரெயில் ஏறிக் கொள்ளுப்பிட்டியில இறங்கினனான்" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் நான் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

வெள்ளவத்தைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் இருப்பது பம்பலப்பிட்டி நிலையம் ஒன்றுதான். பத்து நிமிடப் பயணம். எமது காரியாலயம் கோட்டைப் பக்கத்தில் இருந்தது. சீசன் டிக்கெட்டும் கோட்டை வரைக்குமானது. ஆயினும் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, காலி வீதிக்கு ஏறி, அலரி மாளிகையைக் கடந்து, காலிமுகத்திடலின் கடற்காற்றில் நடந்து காரியாலயத்தை அடைவதை இளமையிலேயே வழக்கமாக்கிக் கொண்டேன். அந்தத் திடலை 1859 ஆம் ஆண்டில் சீர்செய்து முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நன்மைக்காக அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக் கல்வெட்டொன்று வைத்துள்ளார். நான் பெண்ணும் அல்லன், குழந்தையும் அல்லன். எனினும் அந்த நன்மையில் ஒரு பங்கைப் பல்லாண்டுகள் அனுபவித்தேன்.

கொழும்பிலிருந்து தெற்கே செல்லும் இந்தக் கரையோரப் பாதை 1870களில் மொறட்டுவை, பாணந்துறைப் பக்கம் போடப்பட்டது. 1894 இல் காலியையும் 1895 இல் மாத்தறையையும் எட்டியது. அதன்பின் பெலியத்தவைச் சென்றடைய 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், வெள்ளவத்தைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் கடல் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். மிதிபலகையில் தொங்கி நிற்கும் எழுதுவினைஞர்கள் கோப்புகளைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்கள். அலை அடித்ததும் பெட்டி முழுவதும் ஒரே ஆரவாரம் எழும். ஐம்பது வயது கணக்காளரும் அந்த ஒரு கணம் பள்ளிக்கூடப் பையனாகிவிடுவார்.

கொள்ளு விளைந்த நிலம் என்பதால் கொள்ளுப்பிட்டி என்று சிலர் சொல்வார்கள். கண்டி அரசனுக்கு எதிராகச் சதி செய்து தோற்ற பிரதானி ஒருவனின் பெயரோடு அதனை இணைப்போரும் உளர். எது சரியானாலும், ஊரின் வரலாற்றை ஒழுங்கைகளின் பெயர்ப் பலகைகளிலேயே வாசிக்கலாம். பகதலே வீதி, ஆல்பிரட் பிளேஸ், ஆல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ் என்பன எல்லாம் ஒரே பெருந்தோட்ட மாளிகையின் சிதறல்கள். 1870 இல் விக்ரோறியா மகாராணியின் மகன் இளவரசர் ஆல்பிரட் இலங்கைக்கு வந்தபோது, செல்வந்தரான சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா தமது பகதலே மாளிகையில் அவருக்குத் தங்கத் தட்டில் விருந்து படைத்தார். அதன் நினைவாகவே அது ஆல்பிரட் மாளிகையாயிற்று. மாளிகை போய்விட்டது. பெயர்கள் மட்டும் எஞ்சின.

அதே பகதலே வீதியின் 33 ஆம் ஒழுங்கையில்தான் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1958 இல் சிறிய வீடொன்றில் குடியேறினார். நான்கு வீடுகள் கொண்ட வரிசையில் அது ஒன்று. அடுத்த பத்தாண்டளவில் நான்கையும் ஒவ்வொன்றாகத் தமதாக்கி, சுவர்களைத் திறந்து, முற்றங்களை இணைத்து, உள்ளே சென்றவர் வழி தவறக்கூடிய ஒரு வீட்டை உருவாக்கினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரே ஒழுங்கைக்குள் இருந்துகொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இதுதான்.

ஆனால் இந்தப் பாதையின் மிகப் புகழ்பெற்ற சாகசக்காரர் வேறொருவர். அவரைப் பற்றி நான் முதலில் அறிந்ததும் கொள்ளுப்பிட்டியில்தான். ஆல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் உள்ள பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்திலிருந்து பப்லோ நெருடாவின் நினைவுக் குறிப்புகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வந்தேன். 1971 இல் நோபல் பரிசு பெற்ற அந்தச் சிலி நாட்டுக் கவிஞர், 1929 இல் இருபத்தைந்து வயதில், தமது நாட்டின் கொன்சலாகக் கொழும்பில் இருந்தவர். வசித்தது வெள்ளவத்தையில், கடலோரத்தில்! நான் தினமும் ரயில் ஏறும் இடம்! அன்றிரவு நான் உறங்கவில்லை.

கொன்சல் வேலை அவருக்கு அதிகம் இல்லை. கையில் பணமும் அதிகம் இல்லை. தனிமை மட்டும் நிறைய இருந்தது. புகைப்படக் கலைஞரும் பியானோ வாசிப்பவருமான லயனல் வென்ட், வாரந்தோறும் ஒரு சைக்கிள்காரரிடம் புத்தக மூட்டையொன்றைக் கொடுத்து வெள்ளவத்தைக்கு அனுப்பினாராம். நெருடா அவற்றையெல்லாம் வாசித்தார், கடற்கரையில் நடந்தார், கவிதை எழுதினார். பின்னாளில் அவரை ஸ்பானிய மொழியின் பெருங்கவிஞராக்கிய தொகுதியின் ஒரு பகுதி இங்கே எழுதப்பட்டது.

அவர் ஒரு கீரிப்பிள்ளை வளர்த்தார். பெயர் கிரியா. மேசையில் உண்ணும், கட்டிலில் உறங்கும். அதன் வீரத்தில் அயலிலுள்ள சிறுவர்களுக்கு அபார நம்பிக்கை. ஒருநாள் விஷப்பாம்பு ஒன்று வெயில் காய்வதைக் கண்ட சிறுவர்கள் ஓடிவந்து அவரை அழைத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஊர்வலமாகப் பின்தொடர, கவிஞர் கீரியைக் கையில் ஏந்திச் சென்று பாம்பின் முன் விட்டார். கீரி மெல்ல முன்னேறியது. பாம்பைக் கிட்டியதும் ஒரே பாய்ச்சலில் திரும்பி, வீடு வரைக்கும் ஓடிப்போய்விட்டது. வெள்ளவத்தையில் தமது மானம் போன கதை என்று நெருடா அதனைச் சொல்கிறார். இன்று படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் அந்த நூலில் இன்னொரு பக்கமும் உண்டு. அது வாளிக் கழிப்பறைகளின் காலம். விடியுமுன் ஒரு தமிழ்ப் பெண் வந்து வாளியை எடுத்துச் செல்வாள். கொழும்பு நகரின் அழுக்கைத் தலையில் சுமக்கும் தொழிலை அக்காலத்தில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்களே செய்தார்கள். அவளது அழகு நெருடாவின் கண்ணில் பட்டது. அவள் வரும் வழியில் பட்டும் பழங்களும் வைத்தார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் அவளது கையைப் பற்றி உள்ளே இழுத்துச் சென்றார். அவளுக்குச் சம்மதம் இருக்கவில்லை என்பதை அவரே எழுதுகிறார். சிலையைப் போலக் கிடந்தாள், கண்களைத் திறந்தபடியே இருந்தாள், என்னை வெறுத்தது நியாயம் என்கிறார். அத்தோடு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்.

இந்நூல் அவர் இறந்த மறு வருடம், 1974 இல் வெளியானது. பல தசாப்தங்கள் எவரும் அந்தப் பந்தியில் நிற்கவில்லை. 2018 இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோதுதான் சிலி நாட்டுப் பெண்கள் அதனை எடுத்துக்காட்டி எதிர்த்தார்கள். 2021 இல் அசோக ஹந்தகம இக்கதையை 'அல்பொறாடா' என்ற திரைப்படமாக்கினார்.

முதல் வாசிப்பில் நானும் அந்தப் பந்தியில் நிற்கவில்லை என்பதை ஒளிக்க விரும்பவில்லை. ஊர்ப் பெருமை கண்ணை மறைத்துவிட்டது. இரண்டாம் முறை வாசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. கீரிக்குப் பெயர் உண்டு. பணியாளுக்கும் பெயர் உண்டு. அவளுக்குப் பெயர் இல்லை. அந்த வெள்ளவத்தை வாசம் அவருக்கு ஒரு சாகசம். ஓரிரு வருடத்தில் கப்பலேறி ஜாவாவுக்குப் போய்விட்டார். அவளுக்கோ அது அன்றாடம். மறுநாள் விடியவும் வாளி நிறைந்திருக்கும்.

எமக்கும் அன்றாடமே சாகசமாகிய காலம் ஒன்று வந்தது. 1996 யூலை 24 மாலை, கோட்டையிலிருந்து அளுத்கம நோக்கிச் சென்ற ரயில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எல்லாம் கடந்து தெஹிவளையில் நின்றபோது குண்டுகள் வெடித்தன. 64 பேர் இறந்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிய மக்கள், என்னோடு அலைக்கு ஆரவாரம் செய்தவர்களைப் போன்றவர்கள். எனக்கு அன்று இரவுப் பணி. இறந்தோர் தொகை கூடக்கூட முதற்பக்கத் தலைப்பை நாங்கள் மாற்றிக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் ரயிலில் ஆரவாரம் இல்லை. நான் வேலை செய்த தமிழ்ப் பத்திரிகையை ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்குள் மடித்து வைத்து வாசிக்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். நான் எழுதிய செய்தியை நானே ஒளித்து வாசித்தேன். தேசிய அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று கை தானாகவே தடவிப் பார்க்கும். அலரி மாளிகையைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் வந்தபின் எனது காலை நடையும் நின்றது. 2004 யூலை 7 இல் கொள்ளுப்பிட்டிப் பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே தற்கொலைக் குண்டு வெடித்து நான்கு பொலிஸார் மாண்டனர். 2007 யூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்த விடுதிகளில் இருந்தவர்களுள் கடவுச்சீட்டுக்கு வந்தவர்கள் இருந்தார்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள் இருந்தார்கள். சாகசம் தேடி வந்தவர் ஒருவரும் இல்லை.

இவற்றையெல்லாம் அந்தப் பையனிடம் சொல்லவில்லை. கீரிக் கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாதிருந்தவன், "அவவின்ர வீடு எங்க இருந்திருக்கும் அங்கிள்?" என்று கேட்டான். அதை எவரும் எழுதி வைக்கவில்லை என்றேன்.

அடுத்த நாள் விடியற்காலை இருவரும் வெள்ளவத்தை நிலையத்துக்கு நடந்தோம். மரைன் டிரைவில் மாநகர சபைத் தொழிலாளர்கள் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் வயதான ஒரு பெண் தமிழில் யாரையோ அதட்டினாள். பையன் நின்று திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரயிலில் அவன் மிதிபலகையில்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தான். ஆடிக்கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பம்பலப்பிட்டி தாண்டியதும் ஓர் அலை எழுந்து பெட்டியை அறைந்தது. கொள்ளுப்பிட்டியில் இறங்கியபோது அவனது விலையுயர்ந்த சப்பாத்து இரண்டுக்குள்ளும் கடல் தண்ணீர். எனக்கு மூக்குக் கண்ணாடியில் மட்டும் நான்கைந்து துளிகள்.